உடனுக்குடன் என்றால் எத்தனை நொடி?

கேள்வி, மார்ச் 2, மாலை 6.10
"இணையம் வந்த பிறகு எல்லாமே உடனுக்குடன் ஆகிவிட்டது. ஆட்டத்தின் ஸ்கோர், செய்தி, ஆபத்து வந்தால் எச்சரிக்கை, எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வாழ்க்கையில் இணையம் செய்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்கிறேன். மறுப்பவர் உண்டா?"

மார்ச் 2, இரவு 9.45
நான் மறுக்கிறேன். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். டிஷ் ஆண்டெனா வைத்து டிவியில் கால்பந்து பார்ப்பவர். அதே ஆட்டத்தை நான் கீழே செயலியில் பார்ப்பேன். மேலே அவர் "ஹோ" என்று கத்தும்போது என் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும். அரை நிமிடம் கழித்துத்தான் எனக்கு கோல் விழும். எதிர்காலம் எனக்குக் கூரை வழியாகத் தெரிந்துவிடுகிறது. இதுவா உடனுக்குடன்?

மார்ச் 2, இரவு 11.30
ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்னல் செயற்கைக்கோள் வரை போய்த் திரும்ப வேண்டுமே, அதுதான்.

மார்ச் 3, காலை 7.20
நேற்று இரவு எழுதியதைத் தூக்கக் கலக்கம் என்று மன்னித்துவிடுங்கள். வானத்திலிருந்து வாங்குகிறவர் மேல்வீட்டுக்காரர். தரைக்கு அடியில் ஓடும் கேபிளில் வாங்குகிறவன் நான். தாமதமோ எனக்கு! செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் சிக்னல் ஏறி இறங்கக் கால் நொடி போதும்.

உண்மைக் காரணம் வேறு. ஸ்ட்ரீமிங்கில், அதாவது இணையம் வழியாக, வரும் படம் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடி வருவதில்லை. குடம் குடமாகச் சுமந்து வருகிறார்கள். படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கோப்பாக்கி அனுப்புவது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற ஸ்ட்ரீமிங் முறையில் முதலில் ஒரு துண்டு 10 நொடி. நடுவில் இணைப்பு தடுமாறினாலும் படம் நிற்கக் கூடாது என்று, செயலிக்குள் படத்தை ஓட்டும் பிளேயர் மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட ஆரம்பிக்கும். மூன்று பத்து முப்பது. என் அரை நிமிடத்துக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. பிற்பாடு துண்டை 6 நொடியாகக் குறைக்கச் சொன்னார்கள். 2019இல் தாமதத்தைக் குறைக்கவென்றே ஒரு புது வடிவமும் வந்தது. ஆனால் எல்லாச் செயலிகளும் அதற்கு மாறிவிடவில்லை. என்னுடையது மாறவில்லை என்பதற்கு என் கூரையே சாட்சி.

மார்ச் 3, பகல் 1.15
"வீடியோ காலில் பேசினால் அரை நொடிகூட ஆவதில்லையே, ஆட்டத்துக்கு மட்டும் ஏன்?" நல்ல கேள்வி, எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. வீடியோ காலில் ஒரு துணுக்குத் தொலைந்தால் தொலைந்து போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். முகம் கட்டம் கட்டமாக உடையும், நாமும் "கேக்குதா, கேக்குதா" என்று சமாளிப்போம். பெனால்டி அடிக்கும் நேரத்தில் கட்டம் கட்டமாக உடைந்தால் செயலியை அன்றே தூக்கி எறிந்துவிடுவோம். அப்புறம் கூட்டம். 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஒரே செயலியில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தனித்தனியாக வீடியோ கால் போட முடியாது. வெட்டிய துண்டைப் பல இடங்களில் நகல் எடுத்து வைத்து, பக்கத்தில் இருப்பவர் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டால்தான் அந்தக் கூட்டத்தைத் தாங்க முடிகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை இந்த நொடிகள்.

மார்ச் 4, இரவு 10.50
படம் கனம், எழுத்து லேசு. அதனால் ஸ்கோர் நோட்டிபிகேஷன் படத்தை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அதைக்கூட அணைத்துவிடலாம். குடும்பக் குழுவை என்ன செய்வது? இன்று அண்ணன் "அடடா" என்று ஒரே ஒரு சொல் போட்டார். யாருக்கு அடடா, எதற்கு அடடா என்று தெரியாமல் இருபது நொடி நான் பட்ட பாடு இருக்கிறதே! ஸ்கோரையே போட்டுத் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 6, இரவு 8.00
எனக்கு இது வேடிக்கை. சிலருக்கு இந்த நொடிகள்தான் பிழைப்பு. டென்னிஸ் மைதானத்தில் நேரில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாயின்ட்டும் முடிந்த அந்தக் கணமே வெளியே இருக்கும் சூதாட்டக் கூட்டாளிக்குத் தெரிவிப்பது. நடுவர் தன் கருவியில் அழுத்தி, அது தரவாகிப் பந்தய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் இவர்கள் பந்தயம் கட்டிவிடுவார்கள். 2014 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு பிரிட்டிஷ் இளைஞரை இதற்காகக் கைது செய்தார்கள். சில வாரங்களில் வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். யோசித்தால், கண்ணால் பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்வதில் என்ன குற்றம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. டிக்கெட் நிபந்தனையை மீறியதற்கு வெளியேற்றலாம், அது வேறு. ஆனால் இவர்கள் எதிரில் பந்தயம் கட்டுபவன் திரையில் நேரலையைப் பார்த்துக்கொண்டு, தான் பார்ப்பதுதான் "இப்போது" என்று நம்புகிறான் பாருங்கள், ஏமாற்று அங்கே இருக்கிறது.

மார்ச் 6, இரவு 8.25
அந்த ஏமாற்றை அந்த இளைஞர்மேல் போடுவதா, "நேரலை" என்று மூலையில் சிவப்புப் புள்ளி போட்டுக் காட்டுகிறவர்கள்மேல் போடுவதா? இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

மார்ச் 9, காலை 6.40
ஆட்டம் பார்ப்பதை விட்டு, ஆடுவதற்கு வருவோம். நான் ஓட்டக்காரன் (மெதுவோட்டம்தான்). மூன்று வருடமாக ஒரு செயலியில் ஓடிய பாதையைப் பதிந்து, எல்லோரும் பார்க்கும்படி விட்டிருந்தேன். கேள்வி கேட்டவர் "ஆபத்து" என்று ஒரு சொல் போட்டிருந்தாரே, அதை நினைத்துக்கொண்டு நேற்று என் பக்கத்தையே ஓர் அந்நியன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் ஒரே வாசலில் தொடங்கி ஒரே வாசலில் முடிகின்றன. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குத் திரும்புகிறேன் என்பதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்பதுகூட இருக்கிறது. திருடனுக்கு வேறு என்ன வேண்டும், சாவியைத் தவிர?

மார்ச் 9, இரவு 9.10
"யார் உன் பாதையைப் பார்க்கப் போகிறார்கள்" என்று எழுதியவருக்கு: என்னை யாரும் பார்க்க வேண்டியதில்லை, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தாலே போதும். ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பயனர்கள் பதிந்த நூறு கோடி ஓட்டங்களும் சைக்கிள் சவாரிகளும் சேர்ந்து, அதிகம் ஓடிய பாதை பளிச்சென்று ஒளிரும். பெயர் எதுவும் கிடையாது. அழகான படம். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்துச் சொன்னார்: ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் எல்லாம் இருட்டாக இருக்க, அங்கங்கே சின்னச் சின்னச் சதுரங்கள் மட்டும் மின்னுகின்றன. ராணுவ முகாமுக்குள் வீரர்கள் மதிலோரமாக ஓடிய சுற்றுகள் அவை. பெயர் இல்லாத தரவு ஆபத்தில்லாத தரவு என்று அதுவரை நானும் நம்பியிருந்தவன்தான்.

அதற்குப் பிறகாவது பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தால், 2024இல் பிரெஞ்சு நாளிதழ் லெ மோந்த் இதே செயலியை வைத்து அதிபர்களின் மெய்க்காப்பாளர்கள் எங்கே தங்கி எங்கே ஓடினார்கள் என்று கண்டுபிடித்து எழுதியது. காவல் காப்பவர்களும் என்னைப் போலத்தான், ஓடியதைக் காட்டிக்கொள்ள ஆசை.

மார்ச் 10, காலை 6.30
"வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு மறைக்கும் வசதி இருக்கிறதே" என்கிறீர்கள். இருக்கிறது, நேற்றே போட்டேன். போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வடிவியல் ஞாபகம் வந்தது. என் பாதைகள் எல்லாம் அந்த வட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும். விளிம்பில் மூன்று புள்ளி கிடைத்தால் மையத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மையம் என் வீடு. பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் "இது பிற்காலத்தில் உதவும்" என்றார். திருடனுக்கு உதவும் என்று சொல்லவில்லை.

பதிவை எனக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிட்டேன். இப்போது ஓடிவிட்டு வந்தால் யாரும் பாராட்டுவதில்லை. இரண்டு நாளாக ஓடப் போகவும் இல்லை.

மார்ச் 14, இரவு 10.15
எல்லாம் பயமுறுத்துகிறது என்று சொல்ல வரவில்லை. இடம் தெரிவது உயிரைக் காப்பாற்றவும் செய்கிறது. அவசர எண்ணுக்குப் போன் செய்பவரில் பலருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்றே சொல்லத் தெரியாது. புது ஊர், இருட்டு, நெடுஞ்சாலை. செல்போன் கோபுரத்தை வைத்துக் கணக்கிட்டால் சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் காட்டும். 2014இல் பிரிட்டனில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டில், அவசர எண்ணை அழுத்தியதும் போன் தானாக ஜிபிஎஸ்ஸை இயக்கி, இருக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடுகிறது. 2022 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லா ஸ்மார்ட்போனிலும் இந்த வசதி இருந்தாக வேண்டும். ஜிபிஎஸ் கிடைக்காத இடத்தில் சுற்றியுள்ள வைஃபையை வைத்தும் இடத்தைக் கணிக்கிறது.

ஒன்று கவனியுங்கள். அந்தத் தகவல் பெரும்பாலும் போவது எஸ்எம்எஸ்ஸில். டேட்டா கிடைக்காத இடத்திலும் போய்ச் சேரட்டும் என்று பழைய வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். யாரோ அனுபவஸ்தர் யோசித்திருக்கிறார்.

மார்ச் 15, காலை 8.00
விழுந்தால் தானே உதவி கூப்பிடும் கைக்கடிகாரம் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை அவர் விழவில்லை. மேஜையில் கை தட்டினால் அது "பலமாக விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்கும். அம்மா அதன் முகத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோய் "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று பதில் சொல்வார். பொத்தானை அழுத்த வேண்டும் என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். "கேட்டதுக்குப் பதில் சொல்றது மரியாதை" என்கிறார்.

இந்தக் குழப்பம் பெரிய அளவிலும் நடந்தது. ஐபோன் 14 வந்த 2022இல் கார் மோதலை உணர்ந்து தானே அவசர எண்ணை அழைக்கும் வசதியையும் சேர்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் பனிச்சறுக்கு மலைகளிலிருந்து அவசர எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. சறுக்கி விழுந்தவன் எழுந்து தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருப்பான். பையில் இருக்கும் போன் விபத்து என்று அறிவித்துக்கொண்டிருக்கும். ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போனும் இப்படித்தான். மென்பொருளைத் திருத்திக் குறைத்தார்கள்.

மார்ச் 19, இரவு 9.30
மின்சாரம் இரண்டு மணி நேரம் போனது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் வீட்டுத் தொலைபேசியைப் போன வருடம் ரௌட்டரோடு இணைத்துவிட்டுப் போனார்கள். ரௌட்டர் செத்தால் அதுவும் செத்தது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும், சுமார் 48 வோல்ட், அங்கே பேட்டரியும் உண்டு. வீடே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் "கொய்ங்" என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு என்ன மதிப்பு என்று அது இருந்தவரை யாரும் யோசிக்கவில்லை. பிரிட்டனில் பழைய இணைப்புகளை 2025 கடைசிக்குள் நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். முதியோர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் உதவிப் பொத்தான்கள் பலவும் அந்தக் கம்பியை நம்பி இருந்ததால் 2027 ஜனவரிக்குத் தள்ளிப் போட்டார்கள்.

ரௌட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கி வைத்தாயிற்று. செல்போன் இருக்கிறதே என்பீர்கள். அடுத்த குறிப்பில் சொல்கிறேன்.

மார்ச் 19, இரவு 10.40
2023 நவம்பர் 8. ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு அதிகாலையில் விழுந்தது. சுமார் ஒரு கோடிப் பேருக்குப் போனும் இல்லை, இணையமும் இல்லை. ஒரு நிறுவனம் விழுந்தால் அவசர அழைப்பு மட்டும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று 2,000க்கும் மேற்பட்டோருக்கு அது போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் கனடாவிலும் இதே கதை. போன் "சிக்னல் இருக்கிறது" என்று காட்டிக்கொண்டு சும்மா இருப்பதைவிட, இல்லவே இல்லை என்று காட்டியிருந்தால் வேறு கோபுரத்தைத் தேடியிருக்கும். பாதி உயிரோடு இருப்பது முழுதாகச் சாவதைவிடத் தொந்தரவு.

ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் 2021 அக்டோபர் 4 அன்று ஆறு மணி நேரத்துக்குமேல் காணாமல் போனது நினைவிருக்கும். பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே வலையமைப்பில்தான் இருந்தன. கிணற்றுக்குள் விழுந்தவனுக்கு வேண்டிய கயிறும் கிணற்றுக்குள் கிடந்த மாதிரி.

மார்ச் 20, காலை 7.05
மேலே "இணையம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அவசர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் இணையம் இல்லை என்று திருத்தியவர் சொல்வது சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவர் வருடத்துக்கு வருடம் இடிந்துகொண்டிருக்கிறது. குரல் அழைப்பே டேட்டாவாகத்தான் போகிறது. நான் கவலைப்படுவது அந்தச் சுவரைப் பற்றித்தான்.

மார்ச் 24, இரவு 11.00
கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிற ஒரே இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: நிலநடுக்கம். அழிவு செய்யும் அலை பாறைக்குள் நொடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். இணையச் செய்தி அந்தத் தூரத்தைக் கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு, நிலம் பலமாக ஆடுவதற்குப் பதினைந்து இருபது நொடி முன்னால் தெரிவிக்க வாய்ப்பு இருக்கிறது. மேஜைக்கு அடியில் போக, அடுப்பை அணைக்க அது போதும். கூகுள் 2020இல் ஆண்ட்ராய்டு போன்களையே நடுக்கம் அறியும் கருவியாக்கியது. போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அந்த உணரிதான். ஒரு பகுதியில் சும்மா கிடக்கும் பல போன்கள் ஒரே சமயத்தில் குலுங்கினால் அது நிலநடுக்கம். மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் நேரமே இருக்காது.

மேல்வீட்டுக்காரரின் "ஹோ" மாதிரிதான் இதுவும். யாரோ ஒருவர் முன்னால் பார்த்துவிட்டுக் கத்துகிறார், நமக்கு இன்னும் வரவில்லை.

மார்ச் 25, காலை 6.50
நேற்று நல்லதை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை. மீதியையும் எழுதுகிறேன். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8 அளவில் நிலம் ஆடியபோது இந்த ஏற்பாடு அதை 4.5க்கும் 4.9க்கும் இடையில் என்று தப்பாகக் கணித்தது. தூங்குபவரை எழுப்பும் உச்ச எச்சரிக்கை வெறும் 469 பேருக்குப் போனது. கிடைத்திருக்க வேண்டியவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர். கூகுளே பின்னர் இதை ஒப்புக்கொண்டது. கணிக்கும் முறையைத் திருத்தியிருக்கிறார்கள். அதிகாலை நான்கு மணி. போன் சத்தம் போடவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

மார்ச் 25, இரவு 9.00
நீங்கள் கேட்ட போலிக் குரல் அழைப்பு பற்றி, சுருக்கமாக: பழகியவரின் குரலைக் கணினியில் நகலெடுத்துப் பேசிப் பணம் கேட்கிறார்கள். நாங்கள் வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொண்டோம். நேற்று அம்மாவைச் சோதிக்கக் கூப்பிட்டுக் கேட்டேன். "மறந்துபோச்சு, நீயே சொல்லு, சரியான்னு நான் சொல்றேன்" என்றார்.

மார்ச் 31, இரவு 11.50
இன்று பெரிய ஆட்டம். நோட்டிபிகேஷனை அணைத்தேன், குடும்பக் குழுவை மௌனமாக்கினேன், அண்ணனின் "அடடா" வராது. கூரையை மட்டும் மௌனமாக்க வழியில்லை. ஆனால் இன்று மேலே சத்தமே இல்லை. சரி, ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். எழுபத்தோராம் நிமிடம் கோல்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே அப்போதும் சத்தமில்லை.

கோலைக் கொண்டாடத் தோன்றவில்லை. தனியாக இருப்பவர். படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. டிவி ஓடும் ஓசையும் இல்லை. அங்கேயே நின்று போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், "என்ன சார், கோல் போட்டும் சத்தத்தையே காணோம்?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த கோல்?" என்றார். மகள் வீட்டில் செயலியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் செயலியைவிடத் தாமதம் போலிருக்கிறது.